சம்பவத்துக்குச் சம்பந்தமில்லாதது

பேசியே ஆளைக் குணப்படுத்துகிறார்கள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேச்சா? எனக்கா? கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதை அல்லவா அது! பதினெட்டு வயதில் மேடை ஏறியவள் நான். கீழ்வேளூரிலிருந்து பூதலூர் வரை விவசாயத் தொழிலாளர் சங்கம் கூட்டம் போட்ட ஊரிலெல்லாம் என் குரல் கேட்டிருக்கிறது. கரண்ட் போய் மைக் செத்துவிட்டால் மற்ற பேச்சாளர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். நான் அப்போதுதான் சூடு பிடிப்பேன். பேசினால் நோய் தீரும் என்பது உண்மையானால் எனக்கு ஜலதோஷம்கூட வந்திருக்கக் கூடாது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர் டிபன் டப்பாவைத் திறப்பதற்குள் நான் பேச்சு வைத்தியத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறேன். "கட்சி மாறுன புதுசுல எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்க" என்கிறார் என் வீட்டுக்காரர். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் கிடைத்ததை நான் சொல்லாமல் யார் சொல்வது?

எனக்கு ஒரே அண்ணன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊரில், அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுத நிலத்தை அவரும் உழுதார். நிலம் மிராசுதாருடையது. குத்தகைக்காரனை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்துவிட்டதாக மேடைக்கு மேடை முழங்கினார்கள். கழகங்கள் மாறி மாறி ஆண்டன. சென்னையில் கிளம்பிய சட்டம் எங்கள் ஊர் மதகைத் தாண்டவில்லை. தண்ணீரே ஒழுங்காக வந்து சேராத கடைமடைக்குச் சட்டம் மட்டும் வந்துவிடுமா? ஒரு தை மாதம், விளைந்து நின்ற சம்பாவை அறுத்துக்கொண்டு போக மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அண்ணன் குறுக்கே போய் நின்றார். பின்னந்தலையில் விழுந்த ஒரே கம்படி, அவ்வளவுதான். கஞ்சித் தூக்கோடு வரப்பில் நின்றிருந்த நான்தான் அதைக் கண்ணால் பார்த்த சாட்சி.

சாட்சி சொல்வது லேசான காரியம் இல்லை. எங்கள் தரப்பு வக்கீல் என்னை எதிரே நிற்கவைத்துப் பாடம் நடத்தினார். நான் விடிகாலையிலிருந்து ஆரம்பிப்பேன். அவர் கையைக் காட்டுவார். "அதெல்லாம் வேணாம்மா. சம்பவத்துக்கு வா." நான் மறுபடி ஆரம்பிப்பேன். "சம்பவத்துக்குச் சம்பந்தமில்லாததப் பேசாதம்மா. எதிர்த்தரப்பு வக்கீல் அதப் புடிச்சுக்குவான்."

அவர் பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அண்ணன் சாவதற்குச் சில நாட்கள் முன்புதான் அண்ணி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். தினமும் சங்கம், கூட்டம், ஊர்வலம் என்று அண்ணன் அகாலத்தில் வீடு திரும்ப, சோற்றை ஆறவைத்துக் காத்துக்கிடந்து சலித்துப்போய், "ஒங்க சங்கத்தையே கட்டிக்கிட்டு அழுவுங்க" என்று துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இது கோர்ட்டில் தெரிந்தால், குடும்பத் தகராறில் அண்ணியின் ஆட்கள் அடித்துவிட்டார்கள் என்று கதை கட்டுவார்கள் என்று வக்கீல் சொன்னார். ஆகவே அண்ணியின் பேச்சே வரக் கூடாது. லாரி வந்து நிற்பதில் தொடங்கு. அண்ணன் விழுவதில் முடி. அப்படியே ஒப்பித்தேன். அத்தனை கறாராகச் சொல்லியும், சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்குப் போய் அவர்கள் விடுதலையானார்கள்.

கோர்ட் கைவிட்டதைச் சங்கம் எடுத்துக்கொண்டது. ஒப்பித்த சாட்சியத்துக்கு மேடைத்தமிழில் நகை பூட்டினேன். "அன்று வயலில் சிந்திய குருதி வரப்புக்குள் அடங்கிவிடவில்லை தோழர்களே!" என்று வலக்கையை உயர்த்தினால் கூட்டம் எழுந்து நிற்கும். பத்திரிகைக்காரர்களிடம், போலீசிடம், புதிதாக வந்த கலெக்டரிடம் என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். கல்யாணமாகிப் பூதலூருக்கு வந்த பிறகும் சொன்னேன். எல்லாமே லாரியில் தொடங்கி, விழுவதில் முடியும்.

இதற்கு நடுவே எனக்கு ஒரு வியாதி. தை பிறந்தால் ஊரில் இருக்க முடியாது. அறுத்த நெல்தாளின் பச்சை வாசனை மூக்கில் ஏறினால் போதும். தொண்டை அடைக்கும், நெஞ்சு படபடக்கும், கைகால் விறைத்துவிடும். நஞ்சைக்காட்டில் வாழ்கிறவளுக்கு அறுவடை ஆகாது என்றால் வெளியே சொல்ல முடியுமா? கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு வருஷம் தவறாமல் ஓடிவிடுவேன். ஊரெல்லாம் பொங்கல் கொண்டாட, நான் அங்கே பிளாட் பால்கனியில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன்.

வயலுக்குள் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தபோது டெல்டாவே கொந்தளித்தது. கண்டனக் கூட்டத்தைத் தை மாதத்தில் வைத்துவிட்டார்கள். மறுக்க முடியுமா? ஏறினேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். மேடைக்குப் பின்னால் ஒரு வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காற்று திரும்பியது. வாசனை வந்தது. வாக்கியத்தின் பாதியில் குரல் நின்றுவிட்டது. கையை உயர்த்தியபடி, வாய் திறந்தபடி நிற்கிறேன், சத்தம் வரவில்லை. கூட்டத்துக்கு அது நடிப்பு என்று நினைப்பு. உணர்ச்சிப் பெருக்கில் நிறுத்தியிருக்கிறார் என்று கைதட்டினார்களே ஒரு தட்டு! அந்தக் கைதட்டலில் நான் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்டு அண்ணி பார்க்க வந்தார். அண்ணன் போன அன்றைக்கே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவர், பிறகு அம்மா வீட்டுக்குப் போகவே இல்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நடவுக்கும் களைக்கும் போய் என்னைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, இன்றைக்கும் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். கண்டிப்பான ஆள்; வளவளவென்று பேசமாட்டார். என் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பாப்பா, ஒன்னு கேக்கணும். கேக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன். நீதானே அன்னைக்கு அவரு கூடவே போன. அவரு எம்மேல கோவமாவே போயிட்டாரா?"

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அண்ணிக்கு நான் இன்னும் பாப்பாதான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே தேடினால் லாரி வருகிறது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வீட்டிலிருந்து வயல் வரைக்கும் அண்ணனோடு நடந்து போயிருக்கிறேன், அத்தனை தூரம் என்ன பேசினோம்? துடைத்துவைத்த பலகையாக இருந்தது. ஆயிரம் முறை சொன்ன கதையில், அண்ணிக்கு வேண்டிய ஒரே ஒரு சொல் இல்லை.

"ஞாபகம் இல்ல அண்ணி" என்றேன். "சரி, படு" என்று சுளையை என் கையில் வைத்தார். அத்தனை வருஷமும் இந்த மனுஷி எதை மடியில் கட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. குழாய் போராட்டம், மேடை எல்லாம் ஒருபக்கம் கிடக்கட்டும், எனக்கு இந்தப் பதில் வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் அனுப்பித்தான் தஞ்சாவூர் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடை மாடி. மனநல ஆலோசகர் என்று போர்டு. உள்ளே முப்பது வயசுகூட நிரம்பியிருக்காத பெண், கைத்தறிச் சேலை, மூக்குக்கண்ணாடி. நான் டாக்டரம்மா என்றேன். "நான் டாக்டர் இல்லங்க" என்றார். டாக்டர் இல்லாவிட்டால் என்ன, எனக்கு அவர் டாக்டரம்மாதான்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். லாரியில் தொடங்கினேன். எதுகை, மோனை, ஏற்ற இறக்கம் எல்லாம் கச்சிதம். வலக்கை தானாக உயர்ந்தது. முடித்ததும் வழக்கம்போல ஒரு விநாடி நிறுத்தினேன். அந்தப் பெண் கைதட்டவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, "அன்னைக்குக் காலைல நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு உயிர் போயிருக்கு, நீங்க இட்லியா தோசையான்னு கேக்குறீங்க? அது சம்பவத்துக்குச் சம்பந்தமில்லாததுங்க."

"இங்க சம்பவம் வேணாங்க. அது ஒங்களுக்கு மனப்பாடம். சம்பந்தமில்லாதது எவ்வளவு இருக்கோ அதெல்லாம் வேணும். மைக்ல பேசுற மாதிரி வேணாம், வீட்டுல பேசுவீங்கல்ல, அந்த மாதிரி."

பிறகு தன் வைத்தியத்தைப் பற்றி விளக்கினார். நெல்லில்தான் ரகம் உண்டு என்று நினைத்திருந்தேன், பேச்சு வைத்தியத்தில் அதைவிட அதிக ரகம்! கண்ணுக்கு எதிரே விரலை இப்படியும் அப்படியும் ஆட்ட, அதைப் பார்த்துக்கொண்டே பழசை நினைப்பது ஒன்று. வேப்பிலை அடிப்பதுதானே இது என்றேன், சிரித்தார். தரையில் ஒரு கயிற்றை நீளமாகப் போட்டு, பிறந்ததிலிருந்து நடந்த நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல் என்று வைத்துக்கொண்டே கதையைச் சொல்லிப் போவது ஒன்று. மனதில் முள்ளாகக் குத்தும் எண்ணத்தை எடுத்துவைத்து, அது நிஜம்தானா என்று விசாரிப்பது ஒன்று. ஒரே மாதிரி அடிபட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவது ஒன்று. கண்ணை மூடி, இந்த நிமிடம் நடக்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லி, பயத்தின் பல்லைப் பிடுங்குவது ஒன்று. எனக்கு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஒவ்வொன்றாகத்தான் என்றார்.

கிளம்பும்போது, எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் கேட்காமல் விடமாட்டார்களே, அந்தக் கேள்வியை நானும் கேட்டேன். "நீங்க எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு?"

சொன்னார். எங்களுக்கு நான்கு ஊர் தள்ளி. தாத்தா மிராசுதார், நிலமெல்லாம் எப்போதோ விற்றுவிட்டு அப்பா பேராசிரியர் ஆகிவிட்டாராம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எங்கள் மிராசு இல்லைதான். ஆனால் மிராசு வீட்டுப் பெண்ணிடமா என் அண்ணன் சாவைப் பிரித்துக் காட்ட உட்கார்ந்தேன்? "ஒங்க தாத்தா காலத்துல எங்காளுங்க ஒங்க வாசப்படி ஏற முடியாது. இப்ப நான் மாடிப்படி ஏறி வந்து ஒங்ககிட்ட அழுவணுமா?" என்று கத்திவிட்டுப் படபடவென்று இறங்கிவிட்டேன். கீழே ஜவுளிக்கடைக்காரர் சேலை பிடிக்கவில்லை என்று நினைத்து, "வேற டிசைன் இருக்குங்க" என்றார்.

போனவள் போனவள்தான் என்று இருந்திருப்பேன். அண்ணியின் கேள்வி விடவில்லை. சோறு வடிக்கும்போதும் ரேஷன் கடை வரிசையிலும் அது என்னோடு நின்றது. மானமா, பதிலா? கடைசியில் மறுபடி மாடி ஏறினேன். "கோவம் போகல" என்றேன், உட்காராமலே.

"போக வேணாங்க. கோவத்தோடயே வாங்க" என்றார் டாக்டரம்மா. "எங்க தாத்தா செஞ்சத நான் மாத்த முடியாது. கேட்டுக்க முடியும்." அப்புறம் என்ன சொல்வது? உட்கார்ந்தேன்.

முதலில் அந்த எண்ண விசாரணைதான். என் முள் எது என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்: நான் கத்தியிருந்தால் அண்ணன் திரும்பிப் பார்த்திருப்பார், கம்பு தலையில் விழுந்திருக்காது. "சரி, விசாரிப்போம்" என்றார். ஆகா, குறுக்கு விசாரணை! எனக்குச் சொல்லவா வேண்டும்? லாரி எத்தனை தூரம்? எத்தனை பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்? பதினைந்து வயசுப் பெண்ணின் குரல் அந்த இரைச்சலில் கேட்குமா? திரும்பிப் பார்த்திருந்தால் மட்டும் அடி விழாமல் இருந்திருக்குமா? அவர் ஒரு கேள்வி கேட்டால் நான் இரண்டு கேட்டேன். என்னை நானே கூண்டில் ஏற்றி, நானே எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று, முடிவில் நானே என்னை விடுதலை செய்தேன். அன்றைக்குப் பூதலூர் ஸ்டேஷனில் இறங்கியபோது உடம்பில் பாதி எடை குறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரருக்குப் பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார். "விடுதலை" என்றேன்.

வட்டமாக உட்காரும் கூட்டத்தில் மட்டும் எனக்குத் தோல்வி. கடற்கரையில் பேரலைக்கு வீட்டு மனுஷர்களைப் பறிகொடுத்த மீனவப் பெண்கள் அதற்கு வந்துகொண்டிருந்தார்கள். நான் பழக்க தோஷத்தில் தலைமை தாங்கிவிட்டேன். ஒருவர் பேசி முடித்ததும் எழுந்து அதன் சாரத்தை எடுத்துரைத்தேன். மீன் விற்கும் ஒரு அம்மாள் என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார். "யக்கா, எங்க கதைய நாங்க சொல்லிக்கிறோம். ஒங்க கதை எங்க?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். என் கதை எங்கே? அதைத்தானே தேடிக்கொண்டிருந்தேன்!

ஆகவே கண்ணை மூடிச் சொல்கிற முறைக்கு வந்தோம். பாதம் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சை நிதானமாக விட வேண்டும். இப்போதே நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். நடுநடுவே, பயம் பத்துக்கு எவ்வளவு என்று அவர் கேட்பார். அவ்வளவுதான், கேட்பதற்குச் சுலபம். முதல் தடவை சொன்னபோது எனக்கு வேர்வையில் சேலை முழுக்க நனைந்துவிட்டது. மேடையில் வராத நடுக்கம் அந்த நாற்காலியில் வந்தது. என் வலக்கை உயரும்போதெல்லாம் "கை கீழங்க" என்பார். "குருதி" என்று வாயெடுத்தால், "வீட்டுல அப்படியா சொல்லுவீங்க?" என்பார். "ரத்தம்" என்று சொன்ன மாத்திரத்தில் எனக்கு அழுகை முட்டியது. குருதிக்கு ஒருநாளும் நான் அழுததில்லை.

சொன்னதை போனில் பதிவு செய்து கொடுத்தார். வீட்டில் தினமும் கேட்க வேண்டும். அந்த நேரத்துக்கு வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போய்விடுவார். முதலில் நான் பேச்சாளராகத்தான் கேட்டேன்: இந்த இடத்தில் குரல் கம்மிவிட்டது, அந்த இடத்தில் இன்னும் நிறுத்தியிருக்கலாம். போகப் போக அந்தப் பேச்சாளர் சலித்துப்போய் எழுந்து போய்விட்டாள். கஞ்சித் தூக்கோடு ஒரு சின்னப் பெண் மட்டும் மிச்சம் இருந்தாள். அவளைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. பாவம், அவளைக் கோர்ட்டிலும் மேடையிலும் நிறுத்தினார்களே தவிர, ஒருத்தராவது உட்காரச் சொன்னார்களா?

அடுத்த தையில் நான் கோயம்புத்தூர் போகவில்லை. நாத்தனார் போன் செய்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். டாக்டரம்மா சொல்லி, அப்போதுதான் அறுத்த வயலிலிருந்து ஒரு பிடி தாளை மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போனேன். ரயிலில் பையை இறுக்கிக் கட்டி, காலால் நன்றாகத் தள்ளியே வைத்திருந்தேன், பாம்பைக் கொண்டுபோகிறவள் மாதிரி. மாடியில் அதை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். வாசனை ஏறியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. பத்துக்கு ஒன்பது என்றேன்.

"இருங்க, லாரிக்குப் போக வேணாம். அதுக்கு முன்னாடி. எங்க இருக்கீங்க?"

"வரப்புல."

"கால்ல என்ன படுது?"

"ஈரம். பனி. சில்லுன்னு இருக்கு. செருப்பக் கழட்டிக் கையில வச்சிருக்கேன். அண்ணன் முன்னாடி போவுது. துண்டத் தலையில கட்டியிருக்கு." சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வருகிறது. நான் தேடவில்லை, அதுவாக வருகிறது! "தூக்குல கஞ்சி அலம்புது. அண்ணன் திரும்பிப் பாக்குது. சிரிக்குது."

"யாரு?"

"அண்ணன்! அண்ணன் சிரிக்குதுங்க!"

கண்ணைத் திறந்துவிட்டேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆயிரம் மேடையில் நான் சொன்ன கதையில் அண்ணன் நின்றிருக்கிறார், விழுந்திருக்கிறார். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. செத்த அண்ணனை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். உயிரோடு இருந்த அண்ணன் அதற்கு நாலு வரப்பு முன்னால், பல் தெரிய, என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உக்காருங்க. அவரு என்ன சொல்றாருன்னு கேளுங்க. வரலைன்னா இழுக்க வேணாம்" என்றார்.

உட்கார்ந்தேன். வந்தது. அண்ணன் சொன்னது அத்தனையும், அந்தக் குரலிலேயே வந்தது.

கீழே இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜவுளிக்கடைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டேன். ஸ்டேஷனில் பூதலூர்ப் பக்கம் போகும் வண்டியை விட்டுவிட்டு, எதிர்த்திசையில் நாகப்பட்டினம் பாசஞ்சரில் ஏறினேன். திருவாரூர் தாண்டும்வரை ஒரே குதூகலம். ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் அறுவடை. வாசனை உள்ளே அடிக்கிறது, நான் பாட்டுக்கு வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறேன்!

அதற்குப் பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. இது நிஜமாக நடந்ததா, நான் கட்டியதா? கதை கட்டுவதே தொழிலாக இருந்தவள் நான். அண்ணிக்கு ஆறுதல் வேண்டும் என்று ஆசைப்பட்டு மனசு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்துவிட்டால்? கணவன் கோபமாகச் சாகவில்லை என்று நம்பி அந்த மனுஷி மிச்ச நாளைக் கழிக்கப்போகிறார். அது என் வாய்ஜாலமாக இருந்தால் என்னைவிடப் பாவி உண்டா? கீழ்வேளூரில் இறங்காமலே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. வண்டி நின்றதும் கால் தானாக இறங்கிவிட்டது.

அண்ணி வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார். தை மாதத்தில் என்னை அந்த ஊரில் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"என்ன பாப்பா, மாப்ளைக்கு ஏதாச்சுமா?"

"எல்லாரும் நல்லாருக்காங்க. அண்ணி, அன்னைக்கு அண்ணன் என்ன பேசுச்சுன்னு ஞாபகம் வந்துருச்சு."

அண்ணி சாக்கின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். வலக்கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

"வரப்புல முன்னாடி போய்க்கிட்டே திரும்பிப் பாத்து சிரிச்சுச்சு. 'பாப்பா, சாயந்தரம் ஒன் அண்ணியப் போய் கூட்டிக்கிட்டு வந்துடணும், நீயும் வா'ன்னுச்சு. நான் எதுக்குன்னேன். 'தனியாப் போனா வெளக்கமாத்தால அடிப்பா. நீ முன்னாடி நின்னின்னா அடிக்க மாட்டா'ன்னுச்சு. நான் நம்பல. போங்கண்ணே, பொய் சொல்றீங்கன்னேன். 'சத்தியமா, ஒரு தடவ வாங்கியிருக்கேன், யார்கிட்டயும் சொல்லிராத, சங்கத்துல மானம் போயிரும்'னு சொல்லிச் சிரிச்சுச்சு. அப்பதான் அந்த லாரிச் சத்தம்." எனக்கு மூச்சு வாங்கியது. "அண்ணி, இது நெசமா, நானா நெனைச்சுக்கிட்டதான்னு எனக்கே தெரியல. உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன்."

அண்ணி உளுந்தைக் கையால் பரத்திக்கொண்டே இருந்தார். பரத்திய இடத்தையே மறுபடி பரத்தினார். முகம் எனக்குத் தெரியவில்லை.

"அந்த ஐப்பசில ஒரு நாளு" என்றார். "கூட்டம் முடிஞ்சு நனைஞ்சுக்கிட்டு வந்தாரு. நீ தூங்கிட்ட. ஆத்திரத்துல கொல்லப்பக்கம் வச்சு ஒன்னு போட்டேன். அப்புறம் ரெண்டு பேருமே சிரிச்சுட்டோம். புருசன வெளக்கமாத்தால அடிச்சேன்னு வெளிய சொல்ல முடியுமா? எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும்."

நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், சிரிக்கிறார். கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, வெட்கப்படும் புதுப்பெண்ணாகச் சிரிக்கிறார்.

"வந்திருந்தாலும் அடிச்சிருப்பேன், பாப்பா" என்றார். "சோத்தப் போட்டுட்டு அடிச்சிருப்பேன்."